ஒரே திரையில் பல ஊர் மணி

"ஏய்யா, எம் பேரன் இருக்கிற ஊர்ல இப்ப மணி எத்தன? போன் போட்டா எடுப்பானா, தூங்குவானா?"

கணினி இருக்கும் வீட்டைத் தேடி வந்து அப்பத்தா ஒருவர் இப்படிக் கேட்பது பரளச்சிப் பக்கம் புதிதல்ல. வானம் பார்த்த கரிசல் காடு. மழை பெய்தால் மல்லியும் மக்காச்சோளமும் மிளகாயும், பொய்த்தால் சீமைக் கருவேலங்கரி மூட்டம். அதனால் பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு என்று கிளம்பிவிடுகிறார்கள். ஒரு குடும்பத்தில் மூத்தவர் ரியாத்தில், இளையவர் சிங்கப்பூரில், பேத்தி டொரண்டோவில் என்றால், அப்பத்தாவின் கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று கணக்குப் போட வேண்டும். விரல் விட்டு எண்ணும்போது எங்காவது அரை மணி நேரம் தவறிவிடும்.

இந்த அத்தியாயத்தின் வேலை, உங்கள் கணினித் திரையிலேயே பல ஊர்க் கடிகாரங்களை வரிசையாக வைப்பது. காசு செலவில்லை. பெரும்பாலான கணினிகளில் இதற்கான வசதி ஏற்கெனவே இருக்கிறது. சோதனையும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

குறிப்பு: திரையில் ஆங்கில எழுத்தில் வரும் சொற்களை இங்கே ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். சத்தமாகப் படித்துக்கொண்டே திரையில் தேடினால் எளிதில் சிக்கும்.

தொடங்கும் முன்

கையில் இவை இருக்கட்டும்:

1. விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினி. லினக்ஸ் என்றால் முறை 3க்குப் போகலாம். ஆனால் அடுத்து வரும் "தாய்க் கடிகாரம்" பகுதியை யாரும் தாண்ட வேண்டாம்.
2. இணைய இணைப்பு. கைபேசியின் ஹாட்ஸ்பாட் போதும்.
3. ஒரு தாளில் உங்கள் ஆட்கள் இருக்கும் ஊர்களின் பெயர்கள். நாட்டின் பெயர் போதாது. "ஆஸ்திரேலியா" என்று எழுதினால் பயனில்லை. சிட்னியா, பிரிஸ்பேனா, பெர்த்தா என்று கேட்டு எழுதுங்கள். அமெரிக்கா, கனடாவுக்கும் இதே கதைதான்.

தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சமே

உலகத்துக்குப் பொதுவாக ஒரு நேரம் உண்டு. அதன் பெயர் யுடிசி. ஒவ்வொரு ஊரும் அதிலிருந்து இத்தனை மணி முன், இத்தனை மணி பின் என்று தன் நேரத்தை வைத்துக்கொள்கிறது. இதுதான் நேர மண்டலம். இந்தியா 5 மணி 30 நிமிடம் முன்.

ஊருக்கு ஊர் நேரம் மாறும் பழக்கம் நமக்கும் இருந்ததுதான். சென்னை வானாய்வகத்தை வைத்துக் கணக்கிட்ட மதராஸ் நேரம், கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருந்தது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்கென்று பொது நேரம் வந்தது. அது 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. நம் பக்கம் அந்தக் கோட்டுக்கு மேற்கே தள்ளி இருப்பதால், சராசரியாகப் பார்த்தால் இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் 12ஐத் தாண்டிக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகியிருக்கும். கடிகாரம் காட்டுவது ஊர் கூடி ஒப்புக்கொண்ட நேரம். இது புரிந்தால், வேறொரு ஊர் வேறொரு நேரத்தை ஒப்புக்கொண்டிருப்பதும் புரிந்துவிடும்.

முதல் வேலை: தாய்க் கடிகாரம்

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் சிங்கப்பூரிலிருந்து வருவதில்லை. உங்கள் கணினி தன் சொந்த மணியைப் பார்த்து, மண்டலக் கணக்கைக் கூட்டிக் கழித்து அதைக் காட்டுகிறது. கணினியின் மணிதான் தாய், மற்றவை பிள்ளைகள். தாய்க் கடிகாரம் பிசகினால் எல்லா ஊரும் சேர்ந்து பிசகும்.

விண்டோஸில் படிகள்:

1. திரையின் கீழ் வலது மூலையில் உள்ள மணியின் மேல் மவுஸை வைத்து ரைட் கிளிக் செய்யுங்கள். "அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
2. திறக்கும் பக்கத்தில் "செட் டைம் சோன் ஆட்டோமேட்டிக்கலி" என்ற பொத்தானை அணையுங்கள். மேசையை விட்டு நகராத கணினிக்கு அது தேவையில்லை. இடத்தைத் தப்பாகக் கணித்து மண்டலத்தை மாற்றிவிடும் ஆபத்தும் போகும்.
3. "டைம் சோன்" பட்டியலைத் திறந்து "(யுடிசி+05:30) சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி" என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். அதே +05:30 எண்ணோடு இலங்கைக்கான "ஸ்ரீ ஜெயவர்தனபுர" வரியும் இருக்கும். சென்னை என்று தொடங்கும் வரிதான் நமக்கு.
4. "செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி" பொத்தானை இயக்குங்கள்.
5. "சிங்க் நவ்" பொத்தானை அழுத்துங்கள். இணையத்திலிருந்து நேரம் வாங்கிக் கணினி தன்னைத் திருத்திக்கொள்ளும்.
6. கைபேசியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நிமிடம் ஒத்திருந்தால் தாய்க் கடிகாரம் தயார்.

கவனம்: மணியை மட்டும் கையால் திருத்துவது

அடிக்கடி நடக்கும் தவறு இது. புதிதாக விண்டோஸ் நிறுவிய கணினி பல நேரம் அமெரிக்காவின் பசிபிக் மண்டலத்தில் நிற்கும். மணி தப்பாக இருக்கிறதே என்று மண்டலத்தைத் தொடாமல் மணியை மட்டும் கையால் மாற்றிவிடுவார்கள். மூலையில் மணி சரியாகத் தெரியும். கோளாறு உள்ளே அப்படியே இருக்கும்.

ஜனவரியில் ஓர் இரவு என்று வையுங்கள். நம் நேரம் 8:00. கணினி பசிபிக் மண்டலத்தில் இருக்க, நீங்கள் 8:00 என்று திருத்துகிறீர்கள். "கலிஃபோர்னியாவில் இரவு 8 மணி" என்று கணினி எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூர்க் கடிகாரம் மறுநாள் பகல் 12:00 என்று காட்டும். உண்மையில் அங்கே இரவு 10:30தான். சாப்பாட்டு நேரம் என்று நினைத்து, தூங்கப் போகிறவரைக் கூப்பிடுவீர்கள்.

எனவே வரிசை எப்போதும் இதுதான்: முதலில் மண்டலம், பிறகு மணி.

முறை 1: மூலைக் கடிகாரத்தோடு இரண்டு ஊர்

இரண்டே ஊர் போதும் என்றால் இதைவிட எளிய வழி கிடையாது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இந்த வசதி இருக்கிறது. அதனால் பழைய விண்டோஸ் 7 மடிக்கணினியிலும் இது கிடைக்கும்.

1. மேலே சொன்ன "டேட் அண்ட் டைம்" பக்கத்தில் கீழே இறங்குங்கள். விண்டோஸ் 11இல் "அடிஷனல் கிளாக்ஸ்" என்றும், விண்டோஸ் 10இல் "ஆட் கிளாக்ஸ் ஃபார் டிஃபரண்ட் டைம் சோன்ஸ்" என்றும் ஒரு வரி இருக்கும். அதை அழுத்துங்கள்.
2. சிறிய பெட்டி ஒன்று திறக்கும். முதல் "ஷோ திஸ் கிளாக்" கட்டத்தில் டிக் செய்யுங்கள்.
3. அதன் கீழுள்ள பட்டியலில் மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். ரியாத்துக்கு "(யுடிசி+03:00) குவைத், ரியாத்".
4. பெயர் எழுதும் இடத்தில் "கிளாக் 1" என்று இருப்பதை அழித்துவிட்டு நீங்கள் வைக்க விரும்பும் பெயரை எழுதுங்கள்.
5. இரண்டாவது கட்டத்துக்கும் இதையே செய்யுங்கள். சிங்கப்பூருக்கு "(யுடிசி+08:00) கோலாலம்பூர், சிங்கப்பூர்".
6. "ஓகே" அழுத்துங்கள்.
7. இப்போது மூலை மணியின் மேல் மவுஸ் அம்பைக் கிளிக் செய்யாமல் சும்மா நிறுத்துங்கள். மூன்று ஊர் மணியும் சின்னப் பெட்டியில் தெரியும்.

துணுக்கு: 4ஆவது படியில் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். "ரியாத்" என்பதைவிட "பெரியவன்" என்று எழுதினால், வீட்டில் யாரும் வந்து பார்த்துச் சொல்லிவிடலாம். இடம் குறைவு, ஒரே சொல்லாக எழுதுங்கள்.

எந்த ஊருக்கு எந்த வரி?

விண்டோஸ் பட்டியலில் எல்லா ஊர்ப் பெயரும் இருக்காது. ஒரே எண்ணில் பல வரிகளும் வரும். நம் ஆட்கள் அதிகம் இருக்கும் ஊர்களுக்கான வரிகள்:

- துபாய், அபுதாபி, ஷார்ஜா, மஸ்கட்: "(யுடிசி+04:00) அபுதாபி, மஸ்கட்"
- சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைன்: "(யுடிசி+03:00) குவைத், ரியாத்"
- சிங்கப்பூர், மலேசியா: "(யுடிசி+08:00) கோலாலம்பூர், சிங்கப்பூர்"
- லண்டன்: "டப்ளின், எடின்பரோ, லிஸ்பன், லண்டன்" என்ற வரி. பக்கத்தில் அதே 00:00 எண்ணோடு "மன்ரோவியா, ரெய்க்யவிக்" என்று இருப்பதைத் தொடாதீர்கள். அந்த ஊர்களில் கோடைக்கால மாற்றம் கிடையாது.
- டொரண்டோ, நியூயார்க்: "(யுடிசி-05:00) ஈஸ்டர்ன் டைம்"
- சிட்னி, மெல்போர்ன்: "(யுடிசி+10:00) கான்பெரா, மெல்போர்ன், சிட்னி". பிரிஸ்பேனுக்கு அதே +10:00 எண்ணில் தனி வரி உண்டு. அங்கே கோடை மாற்றம் இல்லை என்பதால் அரை ஆண்டு இரண்டும் வேறு வேறு மணி காட்டும்.

முறை 2: இரண்டுக்கு மேற்பட்ட ஊர்கள்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் "கிளாக்" என்றொரு செயலி இருக்கிறது. பழைய விண்டோஸ் 10இல் அதன் பெயர் "அலாரம்ஸ் அண்ட் கிளாக்". வேண்டிய ஊர்களை வரிசையாக அதில் சேர்க்கலாம்.

1. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, கிளாக் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். கடிகாரப் படத்தோடு வரும் செயலியைத் திறங்கள்.
2. பக்கவாட்டில் உள்ள "வேர்ல்டு கிளாக்" பகுதிக்குப் போங்கள். உலக வரைபடம் தெரியும்.
3. கூட்டல் குறியுள்ள பொத்தானை அழுத்துங்கள்.
4. ஊர்ப் பெயரைத் தட்டத் தொடங்குங்கள். கீழே பட்டியல் விரியும். நாட்டின் பெயரையும் சரிபார்த்த பிறகே தேர்ந்தெடுங்கள். லண்டன் என்று இங்கிலாந்தில் மட்டுமல்ல, கனடாவிலும் ஓர் ஊர் உண்டு.
5. உங்கள் தாளில் உள்ள எல்லா ஊருக்கும் இதையே திரும்பச் செய்யுங்கள்.
6. விண்டோஸ் விசையை அழுத்தியபடி இடது அம்பு விசையைத் தட்டுங்கள். கடிகாரப் பக்கம் திரையின் இடப் பாதியில் ஒட்டிக்கொள்ளும். மறுபாதியில் உங்கள் வேலையைப் பார்க்கலாம்.

துணுக்கு: இதே பக்கத்தில் "கம்பேர்" என்ற வசதி இருக்கிறது. வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு இங்கே வீட்டு விசேஷம், வீடியோ காலில் எல்லாரும் சேர வேண்டும் என்றால், அந்தத் தேதியையும் நேரத்தையும் அதில் வைத்துப் பாருங்கள். அப்போது மற்ற ஊர்களில் மணி என்ன என்று காட்டும். கையால் கணக்குப் போட வேண்டியதில்லை.

முறை 3: லினக்ஸ் கணினியில்

உபுண்டு போல க்னோம் திரை உள்ள லினக்ஸ் என்றால்:

1. செயலிகள் பட்டியலில் "கிளாக்ஸ்" என்பதைத் திறங்கள். இல்லையென்றால் மென்பொருள் மையத்தில் தேடி நிறுவுங்கள்.
2. "வேர்ல்டு" பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி ஊர்களைச் சேருங்கள்.
3. செயலியை மூடிவிட்டு, திரையின் மேல் நடுவில் உள்ள மணியை அழுத்துங்கள். நாட்காட்டிக்குக் கீழே நீங்கள் சேர்த்த ஊர்களும் வந்திருக்கும்.

செயலிக்குள் ஊரின் மேல் அழுத்தினால் அங்கே சூரியன் உதிக்கும், மறையும் நேரமும் தெரியும். குளிர்காலத்தில் டொரண்டோவில் மாலையிலேயே இருட்டிவிடுவதை அப்பத்தாவுக்குக் காட்ட இது உதவும்.

கவனம்: ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது மணி சரியாக 5½ மணி நேரம் பிசகலாம். கணினியின் உள் கடிகாரத்தில் விண்டோஸ் நம் ஊர் நேரத்தை எழுதி வைக்கும், லினக்ஸ் யுடிசியை எழுதி வைக்கும். பிசகு 5½ மணி என்றால் காரணம் இதுதான், எதுவும் கெட்டுப்போகவில்லை. இரண்டிலும் தானியங்கி நேரத்தை இயக்கி வைத்து, மாறியதும் இணையத்தில் இணைந்து ஒருமுறை "சிங்க்" செய்யுங்கள்.

மூன்று ஊர்ச் சோதனை

கடிகாரங்கள் வைத்தாயிற்று. நம்புவதற்கு முன் சோதியுங்கள். முறை 2 அல்லது 3இல் இந்த மூன்று ஊர்களைச் சேருங்கள். சோதித்த பிறகு வேண்டாததை நீக்கிவிடலாம்.

1. கொழும்பு: நம் மணியேதான் காட்ட வேண்டும்.
2. காட்மாண்டு: நமக்குச் சரியாக 15 நிமிடம் முன்னால் இருக்க வேண்டும்.
3. சிங்கப்பூர்: 2 மணி 30 நிமிடம் முன்னால் இருக்க வேண்டும்.

மூன்றும் ஒத்தால் தாயும் பிள்ளைகளும் சரி. மூன்றுமே ஒரே அளவில் தப்பினால் தாய்க் கடிகாரத்தின் மண்டலத்தைப் பாருங்கள். கொழும்பு மட்டும் அரை மணி நேரம் விலகினால், உங்கள் கணினியின் மண்டலப் பட்டியல் மிகப் பழையது. இலங்கை 1996இல் தன் நேரத்தை முன்னே நகர்த்தி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் +5:30க்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்துக் கணினி, புதுப்பிக்காமல் விட்டால், பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும்.

எந்த நாடும் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும்கூட 1982 ஜனவரியில்தான் இன்றைய +8க்கு வந்தன. எகிப்து கைவிட்டிருந்த கோடை மாற்றத்தை 2023இல் மீண்டும் கொண்டுவந்தது. இந்த மாற்றங்கள் கணினிக்கு அப்டேட் வழியாகத்தான் வருகின்றன. எனவே அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதை வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை கைபேசியில் உள்ள உலகக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு இருமுறை மாறும் ஊர்கள்

வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகியவற்றில் ஆண்டு முழுக்க ஒரே கணக்கு. மற்ற சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நமக்கும் இது நடந்திருக்கிறது: இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்திய நேரம் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டிருந்தது.

இன்று மாறும் நாட்கள்:

- லண்டன், பாரிஸ்: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை
- டொரண்டோ, நியூயார்க்: மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை
- சிட்னி, மெல்போர்ன்: அக்டோபர் முதல் ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை

நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. சரியான வரியைத் தேர்ந்தெடுத்திருந்தால் கணினி தானாகவே மாற்றிக்கொள்ளும். பட்டியலில் லண்டன் வரி கோடையிலும் 00:00 என்றே நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து வேறு வரிக்கு மாறாதீர்கள். கடிகாரம் காட்டும் மணியைப் பாருங்கள், பட்டியலின் எண்ணைப் பார்க்க வேண்டாம்.

அடிக்கடி நேரும் தவறுகள்

தேதியை மறப்பது: இங்கே இரவு 8:30 என்றால் சிட்னியில் மறுநாள் பிறந்திருக்கும். டொரண்டோவில் பேத்தியின் பிறந்தநாள் பிறப்பது குளிர்காலத்தில் நமக்குக் காலை 10:30க்கு. நம் நள்ளிரவில் வாழ்த்துச் சொன்னால் அங்கே முதல் நாள் மதியம்.

சுருக்கெழுத்தை நம்புவது: ஐஎஸ்டி என்று எழுதினால் இந்திய நேரம் என்று நாம் நினைப்போம். அயர்லாந்துக்காரருக்கும் இஸ்ரேல்காரருக்கும் அதே எழுத்துகள் அவர்கள் ஊர் நேரத்தைக் குறிக்கும். நேர்காணல் அழைப்பு வந்தால் "துபாய் நேரம் காலை 10, இந்திய நேரம் காலை 11:30" என்று ஊர்ப் பெயரோடு பதில் எழுதி உறுதி செய்யுங்கள்.

விமானச் சீட்டைத் தப்பாகப் படிப்பது: புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது, சேரும் நேரம் சேரும் ஊருடையது. மதுரையிலிருந்து சிங்கப்பூர் போகும் சீட்டில் இரண்டையும் கழித்துப் பயண நேரம் என்று எடுத்துக்கொண்டால் 2½ மணி நேரம் கூடுதலாக வரும்.

விடுமுறையை மறப்பது: கடிகாரம் மணியைச் சொல்லும், விடுமுறையைச் சொல்லாது. சவுதியில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஐக்கிய அரபு அமீரகத்தின் அரசு அலுவலகங்கள் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாறி, வெள்ளியன்று அரை நாள் வேலை செய்கின்றன. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3:00 வரை வெட்டவெளியில் வேலை வாங்கத் தடை உண்டு. நம் மணிக்கு அது பிற்பகல் 2:00 முதல் 4:30 வரை. கட்டட வேலைக்குப் போன பிள்ளை வெயிலுக்கு ஒதுங்கிக் கண்ணயரும் நேரம் அது. அப்போது கூப்பிடாமல் இருப்பது நல்லது.

காலையில் தேதியே மாறியிருந்தால்: பொத்தான் பேட்டரி

நான் வேலை பார்த்த ஒரு கணினி மையத்தில் பழைய கணினி ஒன்று இருந்தது. ஒவ்வொரு காலையும் அதில் பல ஆண்டுக்கு முந்தைய ஜனவரி 1 என்று தேதி நிற்கும். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வரும். இணையக் கோளாறு என்று நினைத்து இரண்டு வாரம் வயரையும் மோடத்தையும் மாற்றிக்கொண்டிருந்தோம். தப்பு தேதியில் இருந்தது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றுக்குச் செல்லுபடியாகும் காலம் உண்டு. கணினியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் உலாவி மறுத்துவிடும்.

கரண்ட் இல்லாதபோதும் தாய்க் கடிகாரத்தை ஓட வைப்பது, மதர்போர்டில் இருக்கும் ஒரு ரூபாய்க் காசு போன்ற 3 வோல்ட் பேட்டரி. பெரும்பாலும் சிஆர்2032 வகை. சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அருப்புக்கோட்டையில் கணினிக் கடையிலோ கைக்கடிகாரக் கடையிலோ எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மேசைக் கணினியில் நீங்களே மாற்றலாம்:

1. கணினியை முறைப்படி அணையுங்கள். யுபிஎஸ்ஸையும் அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.
2. கணினியின் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடியும்.
3. பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். கரிசல் புழுதி படிந்திருக்கும். ஈரத்துணி போடாமல் மென்மையான தூரிகையால் தட்டுங்கள்.
4. கைகளை உலரத் துடைத்து, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி இருக்கும் நிலையைக் கைபேசியில் படம் எடுங்கள்.
5. பேட்டரியைப் பிடித்திருக்கும் சிறு கொக்கியை நகத்தால் மெல்லத் தள்ளுங்கள். பேட்டரி மேலெழும். ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், வழுக்கினால் மதர்போர்டில் கீறல் விழும்.
6. புதியதை எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி வைத்து அழுத்துங்கள்.
7. மூடியை மாட்டிக் கணினியை இயக்குங்கள். ஒரு விசையை அழுத்தச் சொல்லித் திரை நின்றால், சொன்னதை அழுத்தி உள்ளே போய்த் தேதியையும் மணியையும் வைத்துச் சேமியுங்கள்.
8. விண்டோஸ் வந்ததும் "சிங்க் நவ்" அழுத்துங்கள். தேதி பெரிதாக விலகியிருந்தால் கணினி இணைய நேரத்தை ஏற்காது. அப்போது தேதியைக் கையால் சரிசெய்து மறுபடி முயலுங்கள்.

பாதுகாப்பு: கட்டாயம் படியுங்கள்

- குழந்தைகள் இருக்கும் வீட்டில் பழைய பொத்தான் பேட்டரியை மேசையில் விட்டுவைக்காதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டி இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண்ணை உண்டாக்கும். சந்தேகம் வந்தாலே ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
- மின்சாரம் நுழையும் பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.
- மடிக்கணினியை வீட்டில் பிரிக்க வேண்டாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.
- "இலவச உலகக் கடிகாரம்" என்று விளம்பரத்தில் வரும் நிரல்களை இறக்காதீர்கள். கடிகாரத்தோடு வேண்டாததும் வந்து சேரும். மேலே சொன்ன மூன்று முறைகளுக்கும் வெளியே எதுவும் தேவையில்லை.
- கடிகாரத்தைச் சரிசெய்து தருகிறேன் என்று போனில் பேசி, உங்கள் கணினியைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதி கேட்பவருக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கு பறிபோகும் வழி அது.

திரைக்குப் பக்கத்தில் ஒட்ட ஒரு தாள்

கரண்ட் இல்லாத நேரத்துக்கு இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நம் ஊரில் இரவு 8:30 ஆகும்போது:

- துபாய்: மாலை 7:00
- ரியாத், குவைத், கத்தார்: மாலை 6:00
- சிங்கப்பூர், மலேசியா: இரவு 11:00
- லண்டன்: பிற்பகல் 3:00 (அங்கே கோடையில் 4:00)
- டொரண்டோ: அதே நாள் காலை 10:00 (கோடையில் 11:00)
- சிட்னி: மறுநாள் அதிகாலை 1:00 (அங்கே கோடையில் 2:00)

கடைசிப் படி

எல்லாம் முடிந்ததும் வீட்டில் மூத்தவர் ஒருவரைத் திரை முன்னால் உட்கார வையுங்கள். "பெரியவன்", "சின்னவன்" என்று தமிழில் எழுதிய பெயர்களைக் காட்டி, அவரையே மணியைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் பெயரைச் சுருக்குங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். பிறகு அவர் படித்த ஊருக்கு அவரையே போன் போடச் சொல்லுங்கள்.

"அங்க இப்ப ஆறு மணியாய்யா?" என்று அப்பத்தா கேட்டு, "ஆமா அப்பத்தா, இப்பத்தான் வேலை முடிஞ்சு வந்தேன்" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தால், நீங்கள் வைத்த கடிகாரம் சரி.